பன்னிரண்டாவது ஆளின் இடது கால்

மென்பொருளில் பிழை பிடிப்பது என் வேலை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்து, மற்றவர்கள் சரி என்று நம்புவதைப் பிழை என்று எழுதிக் கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இதையே வீட்டில் செய்தால் வாய் நீளம் என்கிறார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத் தியானத்துக்குப் படம் போடுவது என்று முடிவானதும், கணினி படித்த பிள்ளை என்று புரொஜெக்டரை என்னிடம் தந்தார்கள். அதைப் பிளக்கில் சொருகத் தெரிந்தால் போதும். அதற்காகத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன் போலிருக்கிறது.

படம் வயதுபோன ஒரு மரதன் ஓட்டக்காரரைப் பற்றியது. குதிக்காலில் காயம். ஒருவருக்கும் சொல்லாமல் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைசி ஓட்டம் ஓடுகிறார். எல்லைக்கோட்டைத் தாண்டி, கைகளை விரித்தபடி விழுகிறார். எழும்பவில்லை.

"சரி பிள்ளையள், இதிலை கிறிஸ்து எங்கை?" என்றார் பங்குத் தந்தை.

தேடுதல் தொடங்கியது. விரித்த கைகள், சிலுவை. வழியில் இடறி விழுந்தது, சிலுவைப்பாதை. துவாய் நீட்டிய பெண், முகம் துடைத்த பெண். பயிற்சியாளர் முதலில் காட்டிக்கொடுத்தவராக இருந்தார். பிறகு பெரும்பான்மை விருப்பப்படி கை கழுவிய ஆளுநராக மாற்றப்பட்டார். தண்ணீர்ப் போத்தல், திருமுழுக்கு. இயக்குநர் பாவம், தாகத்துக்குக் குடிக்கிறார் என்று நினைத்துத்தான் எடுத்திருப்பார்.

"நோவை வெளியிலை சொல்லாமல் தாங்கினார் பாருங்கோ," என்றார் பாதர். "அதுதான் கிறிஸ்தவனின்ரை தியாகம்."

பின்வரிசை வாங்கில் இருந்த என் அண்ணை பலமாகத் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

அண்ணை எங்கள் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் காப்பவர். முப்பத்தெட்டு வயது. படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. பயிற்சியில் வலது கணுக்கால் பிரண்டுவிட்டது. இன்னொருமுறை பிரண்டால் நின்று செய்கிற வேலையை மறக்கவேண்டியதுதான் என்று எலும்பு வைத்தியர் சொல்லியிருந்தார். உயிர்ப்பு ஞாயிறு பின்னேரம் பக்கத்துப் பங்கோடு இறுதியாட்டம். அண்ணை அச்சுவேலி நாட்டுவைத்தியப் பரியாரியாரின் நோ எண்ணெயைப் பூசி, துணிக்கட்டைச் சுற்றி, நீளக் காற்சட்டையால் மூடிக்கொண்டு திரிந்தார். கழக மனேஜருக்குச் சொன்னால் இனி உன்னோடு கதை இல்லை என்று எனக்கும் எச்சரிக்கை.

நான் கை உயர்த்தினேன். "பாதர், அந்த ஆளின்ரை மனுசி காலைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறா. அவர் கதவைச் சாத்திப்போட்டுப் போறார். இயேசு கால் கழுவ வரேக்கை காலை இழுத்த சீடர் மாதிரி. அவர் கிறிஸ்து இல்லை, பாதர். காலைக் காட்ட வெக்கப்பட்ட ஆள்."

"நல்ல சிந்தனை," என்றார் பாதர், எல்லா மோசமான சிந்தனைகளுக்கும் சொல்கிற குரலில். அடுத்தவர் சப்பாத்துக் கயிற்றுக்கும் முள்முடிக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை நொண்டாமல் நடக்கப் பாடுபட்டார்.

"கேட்டியே? பாதரே சொல்லிப்போட்டார்."

"பாதர் உங்கடை காலைப் பாக்கேல்லை."

"எடியே, ஒரு மட்ச்தானே."

"படத்திலையும் ஒரு ஓட்டம்தான். ஆள் செத்துப்போனதைக் கவனிச்சியளோ?"

"அது படம்."

மண்டபத்துக்குள் வேதமாக இருந்தது, தெருவுக்கு வந்ததும் படமாகிவிட்டது.

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகப் பாதர் பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும். ஒருவர் வரவில்லை. வாசலில் நின்ற அண்ணையைப் பாதர் தோளில் பிடித்துக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன் வாங்கின் கடைசியில் இருத்தினார். எதிரே முன் வரிசையில் மனேஜர். எங்கள் பங்கில் வலது காலை மட்டும்தான் கழுவுவது வழக்கம். பதினொரு வலது பாதங்கள் நகம் வெட்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வந்திருந்தன. பாதருக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காத சீடர்கள். அவற்றின் முடிவில் ஒரு இடது பாதம் நீண்டது.

பாதர் முழங்காலில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தார். சாம்பிராணியையும் மீறி நோ எண்ணெய் மணத்திருக்கவேண்டும்.

"தம்பி, மற்றக் கால்."

"இது காணும், பாதர்."

பாதர் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பாடகர் குழு பாட்டை முடித்தது. வேறு வழியில்லாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. அண்ணை என்னைப் பார்த்தார். நான் மிகுந்த பக்தியோடு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

கடைசியில் அவர் காற்சட்டையைச் சுருட்டி, கட்டை அவிழ்த்தார். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "ஐயோ ஆண்டவரே!" என்றார் மனேஜர். வழிபாட்டு ஒழுங்கில் இல்லாத மன்றாட்டு அது. பாதர் மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட மெதுவாக ஊற்றி, துவாயால் ஒற்றி எடுத்தார். அண்ணை கண்களை மூடிக்கொண்டிருந்தார். நோவா, வெட்கமா, வேறு ஏதாவதா? பிழைகளை வகைப்படுத்தத் தெரிந்த நான் அதை வகைப்படுத்தவில்லை.

ஞாயிறு பின்னேரம் கோலுக்குள் வேறொருவர் நின்றார். அண்ணை கோலுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் காலை நீட்டி இருந்தார். "வெளியிலை வாடா! வலப்பக்கம்! கண் பொட்டையே?" நோவை வெளியில் சொல்லாத தியாகம் அத்தோடு முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

சனம் கலைந்துகொண்டிருந்தது. பாதர் மைதானத்தின் அந்தப் பக்கம் மனேஜருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றார்.

"எடியே," என்றார் அண்ணை. "கட்டு இறுகுது. ஒருக்கால் அவிட்டுப் பார்."

நான் புல்லில் முழங்கால் ஊன்றி அவிழ்த்தேன். பாதர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் எழும்பிவிட்டேன். கண்டால் அதற்கும் ஒரு கருத்துச் சொல்லுவார்.