வளைவுதோறும் கத்திய கார்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதல் இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். ஏழு பேரில் கார் வாங்கியவள் என் கடைசி மகள் ஒருத்திதான். அவளே வாங்கி அவளே ஓட்டுகிறாள். பேரையூரில் எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கார் அது. அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த என் கை, இப்போது அந்தக் காரின் கதவைச் சாத்த வேறு ஆளை விடுவதில்லை.

காலையில் நான்கு டீச்சர்களை எழுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் அவள் பிழைப்பு. போன ஐப்பசியில் கார் கத்த ஆரம்பித்தது. நேராகப் போனால் வாயே திறக்காது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் போதும், தகரத்தை ரம்பத்தால் அறுத்ததுபோல் ஒரு கிறீச். முதல் நாள் டீச்சர்கள் சிரித்தார்கள். நான்காம் நாள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இறங்கும்போது பெரிய டீச்சர் சொல்லிவிட்டாராம்.

"திங்கக்கெழமையும் இதே சத்தம்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்மா. உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு வர முடியல."

ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "பவர் ஸ்டியரிங் பம்பு போச்சு. மாத்த ஒரு வாரம் ஆகும்" என்றார். ஒரு வாரம் வண்டி நின்றால் டீச்சர்கள் நிற்க மாட்டார்கள். மகளுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கும்மா?"

"அது இம்புட்டுக் கத்திக் கூப்பிடுது, வராம இருக்க முடியுமா?"

திருமங்கலத்தில் திரும்பியபோது பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் எங்களைப் பார்த்தது. நான் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினேன். ரெண்டு பேர் திருப்பிக் காட்டினார்கள்.

"கண்ணாடிய ஏத்தும்மா, மானம் போகுது!"

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த ஒர்க்‌ஷாப். மெக்கானிக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஸ்டியரிங் எண்ணெய் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் அளவா இருக்கு, நொரையும் இல்ல. பாவம், பம்பு மேல பழி போட்டுட்டாய்ங்க." பிறகு சுற்றிப் பார்த்தார். மகள் டீ வாங்கப் போயிருந்தாள். "அப்பத்தா, நீங்க ஏறி உக்காருங்க. நான் சொல்றப்ப ஸ்டியரிங்கச் சுத்துங்க."

"நானா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஏறிவிட்டேன்.

வண்டி நகராதபடி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டார். "வலது" என்றார், சுற்றினேன், கத்தியது. "இடது" என்றார், சுற்றினேன், கத்தியது. அம்மாடி! அம்புட்டுப் பெரிய கார் என் ரெண்டு கைக்குள் அடங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூக்கைத் திருப்புகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே ரெண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினேன். சந்துக்குள் வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, அப்பத்தாவுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"நீ மொதல்ல ஒதுங்கு மாப்ள, வண்டி வருது!" என்று ஹாரனை அடித்தேன். நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு அந்த மனுசன் நிசமாகவே ரெண்டடி பின்னால் போனார்.

மெக்கானிக் ஒரு கை தண்ணீரை உள்ளே ஓடுகிற பெல்ட்டின் மேல் தெளித்தார். சத்தம் டக்கென்று நின்றது. மறு நொடி மறுபடி கிளம்பியது.

"ஆங், மாட்டிக்கிச்சு! ஸ்டியரிங்கத் திருப்புனா பம்புக்குப் பாரம் ஏறும். அந்த நேரம் பெல்ட்டு வழுக்கிக் கத்துது." இன்ஜினை அணைத்துவிட்டுப் பெல்ட்டை விரலால் தடவி மோந்து பார்த்தார். "என்ன இது, பெல்ட்டுல கோயில் வாசம் அடிக்குது?"

என் சிரிப்பு அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு உழைக்கிற பொருள் ஒன்றையும் விட மாட்டோம். அரிவாள், மண்வெட்டி, அம்மி, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. காருக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் உள்ளே கிடந்து உழைக்கிறது ஏங்கிப்போகாதா? அந்த ஐப்பசிப் பூசையன்று மகள் குளிக்கப் போன நேரம் பானெட்டைத் திறந்து, எட்டிய இடமெல்லாம் பூசினேன். காய்ந்து உதிராமல் இருக்கச் சந்தனத்தில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தது என் கெட்டிக்காரத்தனம். சுற்றுகிறதுதான் ரொம்ப உழைக்கிறது என்று பெல்ட்டுக்கு மட்டும் ரெண்டு கை கூடுதலாக அப்பினேன்.

அந்த நேரம் பார்த்து டீயோடு மகள் வந்து நின்றாள். மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு, மோந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். நல்ல மனுசன். ஆனால் செய்ததை இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"பெல்ட்டுல சந்தனத்த நான்தான் பூசுனேன்" என்றேன், ஸ்டியரிங்கை விடாமல்.

"ஏம்மா, ஒரு வாரமா என் உசுர வாங்குனது நீயா?"

"கத்துனது பெல்ட்டுடி. நானா கத்துனேன்?"

அவள் முறைத்துத்தான் பார்த்தாள். உதடு நிற்கவில்லை. டீ பாதி தரையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். மெக்கானிக் ஒரு சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

புது பெல்ட் போட்டு, அது ஓடுகிற உருளைகளையெல்லாம் துடைத்து எடுத்தார். மறுபடி சுற்றச் சொன்னார். சுற்றினேன். சத்தமே இல்லை.

"அம்மா, போதும், எறங்கு."

"இருடி, எடது பக்கம் இன்னும் சரியாப் பாக்கல."

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் நின்றேன். டீச்சர்கள் ஏறினார்கள். கார் வளைவுக்குப் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரித்தது கேட்டதே தவிர, கார் வாய் திறக்கவில்லை. பெரிய டீச்சர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, ஒங்க காரு ஊமையாயிருச்சு?"

"இனிமே நீங்கதான் பேசிக்கிட்டுப் போகணும் டீச்சர்!"

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரும்மா" என்று அவர் என் மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவளும் நான் கேட்க வேண்டும் என்றுதான் காரை அங்கேயே கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தாள்.

இம்புட்டுத்தான். இனி பேத்தியைக் கூப்பிட வேண்டியதுதான். ஏ ஆத்தா, அந்தச் செல்போன வச்சிட்டு வா. அம்மாச்சி எழுதுனத வாசிச்சுக் காட்டு. நான் ஸ்டியரிங் பிடிச்ச எடம் வந்தா மட்டும் தெருவுக்கே கேக்குற மாதிரி வாசி.