போர் லாரிகளுக்குப் பயந்த செண்பகம் அக்கா

சென்ற மாதம் ஒரு காலையில் செண்பகம் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே, வழக்கம்போல, "வண்டிய எடுக்கலக்கா, ஷெட்லதான் நிக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் அவருடைய மகள் பேசினாள்.

"மாமா, அம்மா போயிட்டா. காப்பி குடிச்சிட்டு செத்த நேரம் சாஞ்சா. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

போனைக் கையில் வைத்துக்கொண்டு லாரியையே பார்த்தபடி நின்றேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி இந்த வண்டியைத் தொடுவதற்கு முன்னால் யாரிடம் கேட்பேன்?

அன்று இலத்தூரில் அவர் வீட்டு வாசலில் கூடியிருந்த உங்களில் பலருக்கு அவரை ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளராகத் தெரியும். பிரேக் சரியில்லாத பள்ளிக்கூட வேனை, யார் சிபாரிசோடு வந்தாலும், திருப்பி அனுப்பியவர். எனக்குத் தெரிந்த செண்பகம் அக்கா வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரிகளின் அளவுகளையும் வகைகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். அந்த லாரிகளில் ஒன்றில்கூட ஏறி உட்காரத் துணியாதவர்.

நான் வளைகுடாவில் பல வருடம் கனரக வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். புனலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மரம் இழுத்து ஓய்ந்து கிடந்த பழைய ராணுவ லாரி ஒன்றை வாங்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். விற்றவர் அதைச் சரக்கு லாரி என்றுதான் சொன்னார். கேள்விப்பட்டு அக்கா பார்க்க வந்தார். வண்டியைத் தொடாமல் ஒரு சுற்று வந்தார். பிறகு டேப்பை நீட்டி, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டு, முன் அச்சிலிருந்து பின் அச்சு வரைக்கும் அளந்தார்.

"சாகுலு, இது சரக்கு வண்டி இல்ல. பீரங்கி இழுக்கச் செஞ்சது."

அந்த வகை லாரிகளுக்கெல்லாம் முகம் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று டன் சரக்கு லாரிக்கு அச்சுகளுக்கு இடையே ஏறக்குறைய பதின்மூன்று அடி இருக்கும். அதே அடிச்சட்டத்தின் மேல்தான் தண்ணீர் வண்டி, பெட்ரோல் வண்டி, ஆம்புலன்ஸ், கம்பியில்லாத் தந்தி வண்டி, நடமாடும் பட்டறை எல்லாம் கட்டப்பட்டன. பீரங்கி இழுப்பதற்கானது மட்டும் எட்டரை அடிக்குள் அடங்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும். நடுவயிற்றில் கம்பி வடம் சுற்றும் வின்ச் இருக்கும். எஸ்டேட்காரர்கள் அதன் முதுகை வெட்டி மரத்தட்டு பொருத்தியிருந்தார்கள். "குட்டை வண்டி. மேல பாரம் ஏத்தினா வளைவுல கவுந்துரும். ஏத்தாத, கேட்டியா?" என்றார். முன்கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்வாங்கி இருப்பதைக் காட்டி, "ஆகாசத்துல போற விமானத்துக்கு மினுங்கக் கூடாதுன்னு இப்படி வச்சான். கண்ணாடியே பயந்து தலையக் குனிஞ்சிருக்கு பாரு" என்றார். சிரித்தது நான் மட்டும்தான்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். போவதற்கு முன்னால் அக்கா என்னை உட்கார வைத்துப் பேசினார். இஞ்சின் ஓடும்போது உறிஞ்சுகிற காற்றுதான் இந்த வண்டியின் பிரேக்குக்குப் பலம் தருகிறது. இஞ்சின் நின்றால் அந்தப் பலம் ஒரு மிதிக்கு மேல் தாங்காது. "விட்டு விட்டு மிதிச்சேன்னா ரெண்டாவது மிதி கல்லு மாதிரி நிக்கும். ஒரே மிதி. மிதிச்ச காலை எடுக்காத."

திரும்பும்போது ஐந்தருவியிலிருந்து இறங்கும் சாலையில், சாரலில் நனைந்தபடி, இஞ்சின் பொசுக்கென்று நின்றுவிட்டது. கீழே சாலையை மறித்தபடி எண்ணெய் தேய்த்த ஆண்களும், ஈரத்துணிப் பைகளோடு பெண்களும், தோளில் பிள்ளைகளும். ஹாரனும் அடிக்கவில்லை. ஒரே மிதி. மிதித்த காலை எடுக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்த தோள் பல நாள் வலித்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு மிக அருகில் வண்டி நின்றது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்லா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார். மறுநாள் வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. முந்தின நாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள்.

இனி நான் சொல்லப்போவது சுந்தரபாண்டியபுரத்தில் நடந்தது. இதை அக்கா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

போர்க்காலக் கதை ஒன்றைப் படமாக்க வந்தவர்கள் என் லாரியை எடுத்திருந்தார்கள். புதிதாகத் தெரியட்டும் என்று வண்டி முழுக்க, சக்கரங்களையும் சேர்த்து, பச்சை அடித்திருந்தார்கள். வண்டி வெளியே போனாலே அக்காவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது; அன்றும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நாங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். முன்சக்கர டயரின் மேல்வரி இந்தக் காலத்து டயர்போல இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த டயர்க்காரர் ஜாக்கி வைத்து வேலையைத் தொடங்கியிருந்தார். சிப்பாய் வேடம் போட்ட பத்துப் பதினைந்து பேர் லாரியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நட்டுகள் மண்ணில் கிடந்தன.

அக்காவின் நடை நின்றுவிட்டது.

அந்தச் சக்கரம் இரண்டு பாதித் தட்டுகளைச் சேர்த்து நட்டுகளால் முடுக்கிச் செய்தது. உள்வட்ட நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கழலும். வெளிவட்ட நட்டுகள் அந்த இரண்டு தட்டுகளையும் பிடித்துக்கொண்டிருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் தொடக் கூடாது என்பதற்காகவே செய்தவர்கள் சிவப்புச் சாயம் பூசி அனுப்பினார்கள். தொட்டால் முன்தட்டு பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். இப்போது சிவப்பின் மேல் பச்சை இருந்தது. டயர்க்காரர் வெளிவட்டத்தின் நான்காவது நட்டில் ஸ்பானரை மாட்டியிருந்தார். அவருடைய நெஞ்சு சக்கரத்துக்கு நேராக இருந்தது.

அக்கா கத்தவில்லை. பிள்ளையை எழுப்புகிற குரலில், "தம்பி, ஸ்பானர அப்படியே விட்டுரு. நேரா எந்திரிக்காத. பக்கவாட்டுல உருண்டு வா" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, டயர்க்காரர் மறுகேள்வி கேட்கவில்லை. உருண்டார். அடுத்து அக்கா என் காதருகே, "இவங்ககிட்ட டீ வந்திருக்குன்னு சொல்லு. அந்தா, கோயில் பக்கம்" என்றார். சொன்னேன். சிப்பாய்கள் எல்லாரும் எழுந்து போனார்கள்.

மீதி நட்டுகள் எந்த நேரத்திலும் அறுந்துபோகலாம். காற்றை இறக்கியாக வேண்டும். நான் முன்னால் நகர்ந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ போகாத. ஒனக்குப் பிள்ளைங்க சின்னது. என் காலப் பிடிச்சுக்கோ. சத்தம் கேட்டா இழுத்துரு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயரின் பின்பக்கம் மண்ணில் குப்புறப் படுத்தார். முகமும் உடம்பும் டயருக்குப் பின்னால். கை மட்டும் சக்கரத்தின் முன்பக்கம் நீண்டது. நான் அவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கால்களும் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கின. பல்லும் பல்லும் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தடவித் தடவி வால்வைக் கண்டுபிடித்து, மூடியைத் திருகி எடுத்து, கொண்டையிலிருந்த ஊசியை உருவி உள்ளே அழுத்தினார். காற்று சீறியது. அது தீரவே தீராது என்று எனக்குத் தோன்றியது. நடுவில் ஒரு முறை சக்கரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். "இழுக்கட்டாக்கா?" என்றேன். "வேண்டாம். பிடிச்சுக்கோ. விட்டுராத" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

காற்று முழுதும் இறங்கியபின் டயர்க்காரர் அந்த நான்காவது நட்டையும் மற்றவற்றையும் கழற்றினார். முன்தட்டு தானாகவே ஒரு விரல் அளவு விலகி வந்தது. அதைப் பார்த்ததும் அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "சாப்பிட்டியாட்டி? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்று மனைவியிடம் சொல்வது கேட்டது. அக்கா சூரியகாந்தி வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவராகவே பேசினார். அவர் அப்பாவுக்குச் செங்கோட்டையில் மர வியாபாரம். போர் முடிந்து ஏலத்தில் போய், பல கை மாறி வந்த லாரி ஒன்று அவர்களிடம் இருந்தது. "எங்க சித்தப்பாதான் ஓட்டுவாவ. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பொறப்பட்டு நிக்கேன். அவிய சக்கரத்தக் கழத்திக்கிட்டு இருந்தாவ. சத்தம்தான் கேட்டேன். அம்மா என் கண்ணப் பொத்திட்டா." சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "அதுக்கப்புறம்தான் இந்த வண்டியப் பத்தி ஒவ்வொண்ணா தேடித் தேடிப் படிச்சேன். எது எப்படிக் கொல்லும்னு தெரிஞ்சுட்டா பயம் போயிரும்னு நெனச்சேன்."

"போச்சாக்கா?"

"இல்லலே. கூடத்தான் செஞ்சிச்சு."

அவர் தைரியசாலி என்று இரங்கல் சொன்ன பலர் பேசினார்கள். அவர் காலைப் பிடித்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் தைரியசாலி அல்ல. நான் பார்த்தவர்களிலேயே அதிகம் பயந்தவர். பயந்துகொண்டேதான் படுத்தார், பயந்துகொண்டேதான் கையை நீட்டினார்.

போன வாரம் தென்காசியில் ஒரு டயர்க் கடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். வெளியே ஒரு லாரிச் சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே ஒருவர் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். யார் என்றே தெரியாது. என் கை தானாகவே நீண்டு அவர் சட்டையைப் பற்றி ஓரமாக இழுத்துவிட்டது. இளநீர் அவர் வேட்டியில் கொட்டியது. "ஏலே, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கத் திட்டினார். எனக்கு வெட்கமாக இல்லை. காற்றுப் பிடித்து முடிகிற வரை அவர் சட்டையை விடாமல் நின்றேன். என் கணுக்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. செண்பகம் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். இருக்கட்டும், என்னிடமே இருக்கட்டும்.