பாலில் ஊறிய நீலம்

வில்லியனூர்ப் பக்கம் நீலக்கல் பார்க்கப் போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக, எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் நான் போய்வந்ததை எழுதுகிறேன். எனக்குக் கல்லில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று போகாமல் விட்டிருந்தால் அக்காவின் தையல் கடை திறக்காமலே போயிருக்கும்.

அக்காவைக் கொடுத்தது கரிக்கலாம்பாக்கத்தில். மதகடிப்பட்டில் ஒரு அறை பேசி, மெஷினுக்கும் சொல்லிவைத்திருந்தாள். மாமாவுக்கோ சனி நடந்துகொண்டிருந்தது. தன் அப்பா விட்டுப்போன நீலக்கல் மோதிரம் ஒத்துவந்தால்தான் கடை என்றுவிட்டார். நீலத்தை எடுத்தவுடன் விரலில் போட மாட்டார்கள். நீலத் துணியில் முடிந்து மூன்று நாள் கையில் கட்டிப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பது நம்பிக்கை.

நான் கடலூரிலிருந்து போய் இறங்கியது மூன்றாம் நாள். துணியைப் பிரித்தால் கல் கழுநீர் மாதிரி மங்கிக் கிடந்தது.

“எனக்கு ஒத்துக்கலடா. கடையும் வாணாம்” என்றார் மாமா.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நகைக்கடையில் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று இருவரையும் பஸ் ஏற்றினேன். வில்லியனூர் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒரு மணி நேரம் ஆனது. மாமா மோதிரத்தைத் தொடப் பயந்து என் சட்டைப்பையில் போட்டுவிட்டார். சனி மச்சானைப் பிடித்தால் பரவாயில்லை போலிருக்கிறது!

கோயில் பக்கத்து நகைக்கடைக்காரர் கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

“பால்ல போட்டீங்களா?”

“கட்டறதுக்கு மொத நாள் ராத்திரி பூரா ஊற வெச்சி, இருட்டோட எடுத்து முடிஞ்சிட்டேன். நெஜ நீலம்னா பால் நீலமாவும்னு சொன்னாங்க” என்றார் மாமா.

“ஆச்சா?”

“பால் அப்படியேதான் இருந்திச்சி. கல்லுதான் வெளுத்துப்போச்சி” என்றாள் அக்கா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். பழைய மோதிரம், கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாள் வைத்து மூடியிருந்தார்கள். பால் உள்ளே இறங்கித் தாளைக் கெடுத்துவிட்டது. கல்லைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். மயில் கழுத்து நிறம்! நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

மாமா சமாதானமாகவில்லை. “மறுபடி மூணு நாள் கட்டித்தான் பாக்கணும்.”

“கட்டுங்க” என்றாள் அக்கா. “கல்லுக்கு மூணு நாள் குடுக்கறீங்க இல்ல, எனக்கும் அதே மூணு நாள் குடுங்க. நான் கடைய தொறக்கறேன். ஆவலன்னா நானே பூட்டிட்டு வந்துடறேன்.”

மாமா கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையாட்டினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போங்கள், நீலத்தை டியூப்லைட்டில் பார்த்து வாங்காதீர்கள். ராசிக்குப் போடுவதென்றால் அடிப்பக்கம் திறந்த மோதிரமாகக் கேளுங்கள், கல் விரலில் படவேண்டும் என்பார்கள். வைரத்தோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், கீறிவிடும். பாலைக் காய்ச்சிக் குடித்துவிடுங்கள்.

கடலூர் திரும்புமுன் மதகடிப்பட்டுக்குப் போனேன். அக்கா தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு மூணாம் நாளாச்சே மாமா, கல்ல பிரிச்சிப் பாத்தீங்களா?”

மாமா தன் வெறும் கையைத் தடவிப் பார்த்தார்.

“அட, மெஷின தூக்கியார அவசரத்துல கட்டவே மறந்துட்டேன்டா!”