அடி எது, நுனி எது?

நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் முட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் முட்டுக்காரர். இருபத்தாறு வருடம் அண்ணாந்தே வேலை செய்ததில் கழுத்து கோணிவிட்டது. வாய் மட்டும் நேராகத்தான் பேசும்.

அந்தக் கூரையில் ஆதிகால மரங்கள் கல்லாகி நின்றன. இன்று ஈர நிலத்தில் முழங்கால் உயரம் வளரும் குதிரைவால் செடியின் மூதாதைகள். கரும்புபோல் கணுக்கணுவாக இருக்கும். அதில் பெயர்ந்து விழுந்த ஒரு துண்டை மேலாளர் அலுவலக வாசலில் மணல்தொட்டியில் நட்டிருந்தார், பருத்த முனை கீழே, கூம்பிய முனை மேலே. முட்டுக்காரர் அதைப் பிடுங்கித் திருப்பி நட்டார். மறுநாள் அது பழையபடி நின்றது. மறுபடி திருப்பினார். மூன்றாம் முறை மாட்டிக்கொண்டார்.

"மரம்னா அடி பெருசா, நுனி சிறுசாத்தானே இருக்கும்?" என்றார் மேலாளர்.

"மரத்துக்குச் சரிங்க சார். இது மரத்தோட பொந்துக்குள்ள சேறு ரொம்பிக் கல்லானது. வேர்கிட்ட பொந்து குறுகிடும். கீழ வந்து பாருங்க."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கல்லுக்காக வேலையத் தொலைப்பீங்களா? தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"என் தலைக்கு மேல நிக்கிறதுடி அது. எப்படி நிக்குதுன்னு தெரியாம இருந்தா எப்பவோ செத்திருப்பேன்."

'இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று ஒரே வரி எழுதினார். அதை மேலாளரின் மேசையில் வைத்து, மேலே ஒரு புது ஹெல்மெட்டையும் வைத்துவிட்டு வந்தார்.

கல் இன்றும் முட்டுக்காரர் நட்டபடி கூம்பிய முனையில்தான் நிற்கிறது. மேலாளர் மேசையில் இருக்கும் அந்த ஹெல்மெட்டில் இன்னும் ஒரு பொட்டு கரி ஒட்டவில்லை.