சாக்கு என்றால் போதும்

தனியாக வாழும் பெண்ணுக்கு எது கிடைக்காவிட்டாலும் அறிவுரை கிடைத்துவிடும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் ஒரு ராணி' என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். போனில் ஒருத்தி சொன்னாள். நானும் நின்றேன். என் கண்ணாடியில் முகம் தெரிய வேண்டிய இடமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. பெரியம்மாவின் மெரூன், அத்தையின் கறுப்பு, அத்தையின் மருமகளுடைய கல் வைத்தது. என் அறையில் வந்து தங்கியவர்கள் குளிக்கப் போகும்போது ஒட்டிவிட்டு, ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போனவை. ராணியின் ஒரு கண் மட்டும்தான் தெரிந்தது.

பெங்களூரில் வேலைக்கு வந்த புதிதில், பிஜி என்று சொல்லும் பெண்கள் விடுதியில், ஒரே அறையில் நான்கு பேராக மூன்று வருடம் இருந்தேன். ஒருத்தியின் ஹேர் டிரையரையும் இன்னொருத்தியின் காதல் தகராறையும் கேட்டுக்கொண்டே தூங்கி எழுந்த காலம் அது. அதற்குப் பிறகுதான் ஊர் எல்லையில், ஒசூர் ரோட்டிலுள்ள சந்தாபுராவில் மொட்டை மாடியில் ஒற்றை அறை எடுத்தேன். சொந்தமாக ஒரு கட்டில் வாங்கினேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட அன்று அழுதேன், சந்தோஷத்தில்தான். அதுவரை நானே தாழ்ப்பாள் போட்ட கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான்.

ரூம் பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா, வெயில் இறங்குமா என்றெல்லாம் விசாரித்தவள், பஸ் எங்கே நிற்கும் என்று யோசிக்கவில்லை. எங்கள் குடியாத்தத்திலிருந்து ஒசூர் வழியாக வரும் எவருக்கும் பெங்களூருக்கு முன்னால் என் அறை வந்துவிடும். கண் ஆஸ்பத்திரிக்குப் பெரியம்மா வந்தார். புடவை எடுக்க மருமகளோடு அத்தை வந்தார். மலர்க் கண்காட்சி பார்க்க வந்த ஓர் அம்மாள் எங்களுக்கு என்ன உறவு என்று என் அம்மாவுக்கே தெரியவில்லை. கட்டில் விருந்தாளிக்கு, பாய் எனக்கு. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். நான் மடத்தையே நடத்திக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி. ஆனேக்கல்காரர், கன்னடம் பேசுபவர். எனக்குக் கன்னடத்தில் தெரிந்ததெல்லாம் 'கொத்தில்லா'. அதாவது, தெரியாது என்பது மட்டும் தெரியும். பெரியம்மா குழாயை மூட மறந்து தண்ணீர்த் தொட்டி காலியான ஒரு நாள், ஆன்ட்டி மாடியேறி வந்து இடுப்பில் கை வைத்துச் சொன்னார்: "சாக்கம்மா, சாக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. சாக்குப்போக்குச் சொல்கிறேன் என்கிறாரா? "இல்ல ஆன்ட்டி, நிஜமாவே கண் ஆபரேஷன்" என்றேன். "அய்யோ, சாக்கு!" என்றார். நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

"போதும்னு சொல்றேன்மா! கன்னடத்துல சாக்குன்னா போதும். இனிமே யாராவது பெட்டியோட வந்தா, நீ உன் பெட்டிய எடுத்துக்கினு கெளம்பு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட எனக்கென்று இருந்த ஒரே கதவு போய்விடும் என்று அப்போதுதான் பயம் வந்தது.

ஆபீஸிலும் நல்லது செய்தார்கள். பெண் ஊழியர்கள் 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பு வைத்தார்கள். சனிக்கிழமை, விடுமுறை நாளில், கட்டாயம் வர வேண்டும். எல்லோரும் போனோம். மறுப்பை எப்படி மென்மையாகச் சொல்வது என்று ஒரு நீளமான வாக்கியம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

அடுத்த வாரம் சித்தி போன் செய்தார். அவர் மகளுக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது, என்னோடு தங்கிக்கொள்வாளாம். நான் மூச்சை இழுத்துவிட்டு, "உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன் சித்தி, ஆனாலும் தற்சமயம்..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடி இது, போன்ல ரெக்கார்டு பேசுற மாரி பேசுற?"

வாக்கியம் அங்கேயே செத்தது. எனக்குத் தெரிந்த பழைய வழிக்கே திரும்பினேன்.

"இங்க தண்ணிக் கஷ்டம் சித்தி."

"நம்ம ஊட்ல டிரம் சும்மாதான் இருக்குது, எத்துகினு வரேன்."

"எனக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க."

"நல்லதாப் போச்சு, கட்டில் காலியா இருக்கும்."

"ஹவுஸ் ஓனர் திட்றாங்க."

"நான் வந்து பேசிக்கிறேன் கண்ணு. அவங்களும் பொம்பளதானே?"

பெண்களே, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் உறவினர்கள் அதை ரிப்பேர் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை படிக்கட்டில் முதலில் வந்தது நீல நிற டிரம். அதன் பின்னால் சித்தி, அவருக்குப் பின்னால் பெட்டியோடு தங்கை. கீழே ஆன்ட்டி மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். புதிதாக ஒரு பொய் தேடினேன், வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வாயில் வந்தது இதுதான்: "சாக்கு."

"இன்னும் இன்னாடி சாக்கு? அதான் டிரம்மே தூக்கினு வந்துட்டேனே!"

"சாக்கு இல்ல சித்தி. போதும். இது என் ரூம். நான் மட்டும்தான் இருக்கப் போறேன்."

கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. சித்தியின் முகம் சுருங்கியது. "பெங்களூர் திமிரு" என்றார். சாயங்காலத்துக்குள் குடியாத்தம் முழுக்க அதையே சொன்னது. எனக்கு ராணி மாதிரியெல்லாம் இல்லை. உள்ளே உட்காரவைத்து இட்லி கொடுத்தபோது சித்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் சாம்பாரில் உப்புப் போட மறந்திருந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. டிரம்மை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதை எடுத்துப்போகச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அன்று மத்தியானமே பக்கத்துத் தெரு பிஜியில் தங்கையைச் சேர்க்கப் போனோம். சித்தி அங்கே பாத்ரூமில் குழாயைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்தார். தங்கை என் துப்பட்டாவைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, எனக்கும் பிஜிதான் வேணும்னு இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்ல ஒரு சாக்கு கெடைக்கல. நல்லவேளை, நீ கெடச்ச."