பதினாறு புள்ளி இரண்டு

தைனானில் எங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிவார்கள். வண்டியின் குதிரைத்திறன் அது. அவர்களில் போ-ஹான் என்பவன் நடத்தும் குழுவில் பதினேழுக்குக் கீழே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் முன்வரிசை கிடையாது.

எங்கள் முதலாளி ஷு-சின் அக்கா முன்பு ஒரு தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதித்தவர். எண்ணை உயர்த்தி எழுதச் சொன்ன அன்றே வேலையை விட்டார். கையிலிருந்ததைப் போட்டு ஒரு டைனோ வாங்கினார். பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, வாரால் கட்டி முறுக்கினால் சக்கரத்துக்கு எவ்வளவு குதிரைத்திறன் வந்து சேர்கிறது என்று அது சொல்லும். என்ஜினில் பிறப்பதில் கொஞ்சத்தைப் பெல்ட் வழியிலேயே தின்றுவிடும். கம்பெனி விளம்பரத்தில் இருப்பது பிறந்த கணக்கு. அக்கா எழுதுவது வந்து சேர்ந்த கணக்கு.

அன்று காலை போ-ஹான் தன் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு வந்தான். வேறொரு கடை கொடுத்த சீட்டில் 17.4. எங்கள் உருளையில் 16.2.

“முதலாளியம்மா, உங்க மெஷினுக்குக் காய்ச்சலா?”

“மூணு தடவை ஓட்டிட்டேன் தம்பி. மூணும் ஒண்ணுதான்.”

“பதினேழு வரலைன்னா நாங்க எல்லாரும் அந்தக் கடைக்கே போயிடுவோம்.”

எங்களுக்கு நிரந்தர வாடிக்கை அவர்கள்தான். அக்கா வாரை இறுக்கக் குனிந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறை சூடானால் காற்று மெலியும், என்ஜினின் பலம் குறையும். அதை ஈடுகட்ட டைனோ எண்ணைக் கூட்டிக் காட்டும். டைனோவோடு வயரில் இணைந்து சுவரில் தொங்கிய வெப்பமானியைச் சூடான சைலன்சர் பக்கத்தில் நகர்த்தினேன்.

நான்காம் ஓட்டத்தில் 17.1. பையன்கள் கைதட்டினார்கள்.

அக்கா திரையைப் பார்த்தார். “ரூம்ல அறுபத்தோரு டிகிரியாம். அப்புறம் நாம ஏன்டா இன்னும் வேகாம நிக்கிறோம்?”

வயரைப் பிடித்துக்கொண்டே போய் வெப்பமானியைக் கண்டுபிடித்தார். என்னைப் பார்த்தார்.

“இதுக்கா நாலு வருஷம் படிச்ச?”



“போ-ஹான், அந்தக் கடையில தர்மாமீட்டர் எங்க தொங்குதுன்னு பாரு. எங்கிட்ட பதினாறு புள்ளி ரெண்டுதான். பிடிக்கலைன்னா வாசல் அந்தப் பக்கம்.”

சீட்டை வாங்காமலே எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

என்னையும் போகச் சொல்வார் என்று நின்றேன். அவரோ தன் பழைய ஸ்கூட்டரை உருளைமேல் ஏற்றினார். 6.8. அதைப் பெரிதாக எழுதி வண்டியின் முன்னால் ஒட்டினார்.

“பால்மீன் கஞ்சி வாங்கிட்டு வரேன்.”

“அக்கா, போ-ஹான் ஆளுங்க எல்லாம் இப்ப அந்தக் கஞ்சிக் கடையிலதான் இருப்பாங்க.”

“தெரியும். நீ அந்தத் தர்மாமீட்டரைச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டு.”