கேட் போனுக்கு ஒரு முதல் வரி

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அப்பா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அம்மாவிடம் போனே கிடையாது. செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள் என்றால், சாயங்காலம் வரை அவளிடம் எதையும் சொல்ல ஒரே வழிதான். கேட் போனுக்கு அடித்து வாட்ச்மேன் மாமாவிடம் சொல்ல வேண்டும். அவர் வேப்ப மரங்களுக்கு நடுவே நடந்துபோய், அம்மா சரவெடி பின்னுகிற ரூம் வாசலில் நின்று சொல்லுவார். நடந்துதான் போவார். உள்ளே யாரும் ஓடக் கூடாது என்பது விதி.

அந்தப் போனுக்கு நான் ஒருமுறை அடித்ததில் அம்மாவின் வேலையே போகப் பார்த்தது.

அப்போது பிளஸ் டூ. பேச்சு, கட்டுரை, கவிதை, எந்தப் போட்டி அறிவித்தாலும் என் கைதான் முதலில் மேலே போகும். எழுத்து என்றால் இப்படித்தான் என்று ஒரு தீர்மானமும் வைத்திருந்தேன். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லக் கூடாது. கேட்பவரைக் காக்க வைக்க வேண்டும். கடைசியில்தான் போட்டு உடைக்க வேண்டும். கைதட்டலும் அதற்குத்தானே கிடைத்தது!

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு என்று பள்ளிக்குத் தகவல் வந்தது. அன்று மூன்று மணிக்கே விருதுநகரில் பரிசளிப்பு. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்கு ஒரே ஓட்டமாக வந்து, அப்பாவின் போனை எடுத்துக் கேட் போனுக்கு அடித்தேன்.

"மாமா, அம்மாவ ஒடனே வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"ஏத்தா, என்ன விஷயம்?"

"அத நேர்லதான் சொல்லணும் மாமா. சீக்கிரம்."

வைத்துவிட்டேன். சுவை கூடட்டும் என்று குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தேன்.

காரணம் சொல்லாமல் உடனே வா என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குத் தெரியாததா? வெடி விபத்துச் சத்தம் கேட்டால் எந்தத் திசையில் புகை என்று பார்த்து, அங்கே யார் வீட்டு ஆள் வேலை செய்கிறார் என்று நினைத்து நினைத்து வளர்ந்தவள் நான். அப்பா அன்றைக்கு வேறொரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார். பரிசுச் சந்தோஷத்தில் அதெல்லாம் மறந்துபோனது.

அம்மா ஓடினாள். பட்டாசுக் கம்பெனிக்குள் ஒருத்தி ஓடினால் மற்றவர்கள் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அடுத்த ரூம் ஓடியது, அதற்கடுத்த ரூமும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கம்பெனியும் வேலியோரம் நின்று மூச்சு வாங்கியதாம். எங்கள் தெரு அத்தை ஒருவர் கல் தடுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார்.

நான் வாசலில் முகத்தைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அம்மா வெறுங்காலோடு வந்தாள். தலைமுடியில் சிவப்புக் காகிதத் துணுக்குகள். என் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா எங்கன? அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்கு மொதப் பரிசு."

அவள் திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். "இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து வாரேன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டே ஓடியாந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பரிசளிப்புக்கு நாங்கள் போகவில்லை.

சாயங்காலம் போர்மேன் வந்தார். "நாளைக்கு வராதீக. மொதலாளி என்ன சொல்றாருன்னு பாத்துட்டுச் சொல்லுறேன்." தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். வேலை நிச்சயமாகப் போய்விட்டது என்றே அம்மா நினைத்தாள்.

மறுநாள் காலை, "ஒனக்குத்தான் எழுத வருமே, நான் ஏன் ஓடுனேன்னு மொதலாளிக்கு எழுது" என்றாள்.

எழுதினேன், நான்கு பக்கம். கருணைக் கடலே என்று தொடங்கி, தாய்ப்பாசத்தின் பெருமைக்கு ஒரு பக்கம், தொழிலாளரின் வியர்வைக்கு ஒரு பக்கம். படித்துக் காட்டும்போது அத்தை முழங்கால் கட்டோடு வந்து சேர்ந்தார். காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்.

"ஏத்தா, அவுக இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தீவாளி போயிரும். எம் முட்டி எங்கன வருது?"

"மூணாவது பக்கத்துல அத்தை."

"அம்புட்டுத் தூரம் நான் நொண்டிக்கிட்டே வரணுமாக்கும்!"

அம்மா சிரித்துவிட்டாள். முந்தைய நாளிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிழித்துப்போட்டு இரண்டாவது எழுதினேன். அது ஒரு பக்கம். அம்மா கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, போன் பண்ணது யாருன்னே இதுல இல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு வார்த்தைகளையும் கொட்டியிருந்தேன்.

மூன்றாவது கடிதம் இப்படி வந்தது:

"ஐயா, நேற்று என் அம்மா ஓடியதற்கு நான் காரணம். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதைச் சொல்லாமல், உடனே வரவேண்டும் என்று மட்டும் கேட் போனில் சொன்னேன். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா பயந்துவிட்டார். எங்கள் அத்தைக்கு முழங்காலில் அடிபட்டது. இனி விஷயத்தை முதலில் சொல்வேன். அம்மாவை வேலைக்கு வரவிடுங்கள்."

நானே கொண்டுபோனேன். முதலாளி நின்றபடியே படித்தார். ஒருமுறைதான் படித்தார்.

"கட்டுரைக்கு என்ன தலைப்பு?"

"தகவல் தொடர்பின் அவசியம்."

முதலாளி சிரிக்கவில்லை. போர்மேன்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓடுனது தப்புத்தான். நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். நாளைக்கு அம்மாவ வரச் சொல்லு" என்றார். வாட்ச்மேன் மாமாவைக் கூப்பிட்டு, "இனிமே என்ன ஏதுன்னு கேக்காம ஒரு சேதியும் உள்ள போகக் கூடாது" என்றார்.

தை மாதத்தில் அம்மாவும் நானும் இருக்கன்குடிக்கு நடந்தோம். ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலன்னுதான்" என்றாள். வழிநெடுக அத்தையின் முட்டியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கு அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இப்போது சென்னையில் எழுதுவதுதான் எனக்கு வேலை. எதை எழுதி முடித்தாலும், அத்தையின் முட்டி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அந்த வாசற்படியும், நீட்டிய காலும், அம்மா தலையிலிருந்து உதிர்ந்த சிவப்புத் துணுக்குகளும் அப்போது கண்முன் வந்துபோகும். நன்றாக இருக்கிறது என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எங்கன வருது என்று கேட்கத்தான் ஆளில்லை.

போன வாரம் என் பெயரோடு ஒரு கட்டுரை முதல்முறையாக அச்சில் வந்தது. சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் கேட் போனுக்கு அடித்தேன்.

"மாமா, நான் நல்லா இருக்கேன். ஒரு பிரச்சனையும் இல்ல. என் கட்டுரை பத்திரிகைல வந்திருக்கு. அம்மாகிட்ட சொல்லுங்க."

"அப்படியே சொல்லிருதேன் தாயி. நீ வைக்காத, இரு."

காத்திருந்தேன். மாமா நிதானமாகத்தான் போய் வந்தார்.

"சொல்லிட்டேன். சந்தோசமாம். சாயங்காலம் பேசுதாளாம். கையில பின்னலு இருக்காம், பாதியில எந்திரிக்க முடியாதாம்."